முதல் ஓவர்-அண்டர்: 12ஆ, 20ஆ, முதலில் தோளைப் பாருங்கள்

கேள்வி: மினியாபொலிஸ் பக்கம் ஐடி வேலையில் இருக்கிறேன். வயது 38, உயரம் ஐந்தடி ஆறங்குலம். அலுவலக நண்பர் ஒருவர் ட்ராப் (எறியப்பட்டுப் பறக்கும் களிமண் தட்டைச் சுடும் விளையாட்டு) சுடும் கிளப்புக்கு ஐந்தாறு முறை கூட்டிப் போனார். அவருடைய துப்பாக்கியில் 25 தட்டுக்கு ஒன்பது உடைத்ததுதான் இதுவரை என் சாதனை. வீட்டுக்கு வந்து பார்த்தால் மேல்கை நீலம் பாரித்திருக்கிறது. வரும் அக்டோபரில் சவுத் டகோட்டாவுக்கு ஃபெசன்ட் வேட்டைக்குக் கூப்பிடுகிறார். தட்டுக்கும் பறவைக்கும் சேர்த்து ஒரே ஓவர்-அண்டர் (ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு குழல் உள்ள ஷாட்கன்) வாங்கலாம் என்று 2,000 டாலர் ஒதுக்கியிருக்கிறேன். கடைக்காரர் "உங்கள் உடம்புக்கு லேசான 20 கேஜ் குழல்தான் சரி" என்கிறார். நண்பர் "12 தவிர எதையும் தொடாதே" என்கிறார். சுடும்போது இடக்கண்ணை மூடிக்கொள்வது என் பழக்கம். எச்-1பி விசாவில் இருக்கிறேன், கிரீன் கார்டு இன்னும் வரவில்லை. ஊரில் அப்பாவுக்குத் தெரிந்தால் திட்டுவார். எதை வாங்கட்டும்?

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

கடைசிப் பகுதியில் போகிற போக்கில் சொன்னீர்களே விசா, அதைத்தான் முதலில் பேச வேண்டும். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்க மத்தியச் சட்டம். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. மற்றவர்களுக்குச் சில விலக்குகள் உண்டு. உங்களுக்குப் பயன்படக்கூடியது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது. உரிமம் காலாவதியானால் விலக்கும் அதோடு போய்விடும். இதில் பலர் கவனிக்காத விஷயம், இரவல் துப்பாக்கியைக் கையில் வாங்கிச் சுடுவதும் சட்டத்தின் கண்ணில் "வைத்திருப்பது"தான். அதனால் நண்பர் கொடுக்கிறாரே என்று இனி ஒரு முறைகூடத் தொடாதீர்கள். முதலில் உரிமம்.

1979 டிசம்பர் 31க்குப் பிறகு பிறந்தவர்கள் மினசோட்டாவில் வேட்டை உரிமம் வாங்க, துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்றிதழ் வேண்டும். 38 வயது என்கிறீர்கள், உங்களுக்கும் அது வேண்டும். சவுத் டகோட்டாவில் வேட்டைக்கு அந்த மாநிலத்தின் உரிமம் தனியாக வாங்க வேண்டும். பயிற்சிக்குப் பெயர் கொடுப்பதற்கு முன்பே உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அரை மணி நேர ஃபீஸ் போனால் போகட்டும். கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் விசா பற்றிய கேள்வி வரும். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், அதில் பொய் எழுதுவதே ஒரு குற்றம். இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. துப்பாக்கி போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம், கிரீன் கார்டு வரிசை போனால் திரும்பக் கிடைக்காது.

சரி, அதெல்லாம் முடிந்தது என்று வைத்துக்கொண்டு துப்பாக்கிக்கு வருவோம்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்த நீலம்தான். தோள் குழியில் இல்லாமல் மேல்கையில் கன்றியிருக்கிறது என்றால், கட்டை (துப்பாக்கியின் தோளில் வைக்கும் மரப்பகுதி) உங்களுக்கு நீளம். நண்பர் ஆறடிக்கு மேல் இருப்பார் என்று நினைக்கிறேன். நீளமான கட்டையைத் தூக்கும்போது அதன் அடி சட்டையில் மாட்டும், அவசரத்தில் தோள் குழிக்குப் போகாமல் கையின் மேல் உட்காரும். அங்கே உட்கார்ந்தால் கன்னம் கட்டையில் சரியாகப் படியாது. கன்னம் படியாவிட்டால் கண் குழலின் நேர்கோட்டில் இருக்காது. ரைஃபிளுக்குப் பின்பக்கம் ஒரு குறி இருக்கும். ரவையை, அதாவது சின்னச் சின்னக் குண்டுகளை, சிதறவிடும் ஷாட்கன்னுக்கு அது இல்லை, உங்கள் கண்தான் பின்குறி. கண் கால் அங்குலம் நகர்ந்தால் ரவை பல அங்குலம் விலகிப் போகும். 25க்கு ஒன்பது என்பதில் உங்கள் குற்றம் எவ்வளவு, கட்டையின் குற்றம் எவ்வளவு என்று இப்போதைக்கு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அதனால்தான் 12ஆ 20ஆ என்ற சண்டையை நான் இரண்டாவதாக வைக்கிறேன். முதல் கேள்வி, இந்தத் துப்பாக்கி நீங்கள் பார்க்கும் இடத்தில் சுடுகிறதா என்பதுதான்.

அதைப் பார்ப்பதற்கு முன்னால் கண். இடக்கண்ணை மூடுகிறேன் என்கிறீர்கள். ஏன் மூடுகிறீர்கள் என்று யாராவது கேட்டார்களா? இரண்டு கையையும் நீட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு ரூபாய் அளவுக்கு ஓட்டை விட்டு, தூரத்தில் ஒரு கதவுப் பிடியை அதன் வழியாக இரண்டு கண்ணாலும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது கதவுப் பிடி காணாமல் போகிறதோ, அதுதான் உங்கள் ஆளும் கண். வலத்தோளில் சுடுபவருக்கு இடக்கண் ஆளுமாக இருந்தால், எவ்வளவு பணம் கொடுத்து எப்படிப்பட்ட துப்பாக்கி வாங்கினாலும் குழல் ஒரு பக்கம் போகும், கண் ஒரு பக்கம் போகும். இடக்கண்ணை மூடுவது ஒரு தீர்வுதான். ஆனால் பறந்து போகும் பொருளின் தூரத்தையும் வேகத்தையும் ஒற்றைக்கண் சரியாகக் கணிக்காது. கண்ணாடியின் இடப்பக்கத்தில், பாவைக்கு நேராக மட்டும், மங்கலான ஒட்டுத்தாளைச் சின்னதாக ஒட்டினால் இரண்டு கண்ணும் திறந்திருக்கும், குழலின் கட்டுப்பாடு வலக்கண்ணிடம் வந்துவிடும். இடத்தோளுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று சிலர் சொல்வார்கள். நீங்கள் இப்போதுதான் தொடங்குகிறீர்கள், அதனால் உங்களுக்கு அதுவும் சாத்தியம்தான். ஆனால் கட்டைகள் பலவற்றில் வலத்தோளுக்கு ஏற்ற லேசான வளைவு இருக்கும். மாறுவதானால் வாங்குவதற்கு முன்பே மாறுங்கள்.

இப்போது கட்டையின் நீளம். விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை அளப்பதுதான் கணக்கு. கடையில் தொங்கும் ஓவர்-அண்டர்களில் பெரும்பாலும் 14¼ முதல் 14¾ அங்குலம் வரை இருக்கும். உங்கள் உயரத்துக்கு 14க்குப் பக்கத்தில் இருந்தால் போதும் என்பது என் ஊகம், நேரில் பார்த்தால்தான் உறுதி. கடையில் டி-ஷர்ட்டோடு தூக்கிப் பார்த்து "அருமை" என்று வாங்கி வந்துவிடுவார்கள். அக்டோபர் கடைசியில் டகோட்டா புல்வெளியில் ஸ்வெட்டர், அதன் மேல் ஜாக்கெட், அதன் மேல் ஆரஞ்சு நிற வெஸ்ட் எல்லாம் போட்டிருப்பீர்கள். அந்த முக்கால் அங்குலத் துணியும் கட்டையின் நீளத்தோடு சேர்ந்துவிடும். கடைக்குப் போகும்போது அந்த வெஸ்ட்டையும் எடுத்துப் போங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

குழல் திறந்திருக்கிறதா, தோட்டா போடும் இரண்டு அறையும் காலியா என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மூடி, சுவரின் மூலையைப் பார்த்து, கண்களை மூடிக்கொண்டு தோளில் வையுங்கள். கன்னத்தை இயல்பாகப் படியவிட்டு, பிறகு கண் திறங்கள். குழலின் மேல் இருக்கும் தட்டைப் பட்டை ஒரு கோடாக மட்டும் தெரிந்தால், அல்லது கொஞ்சம் மேலிருந்து பார்ப்பது போலத் தெரிந்தால் நல்லது. பின்பகுதி கண்ணை மறைத்து குழல் முனையில் இருக்கும் முன்மணியே தெரியவில்லை என்றால் கட்டையின் மேல்விளிம்பு உங்களுக்குத் தாழ்வு. பட்டை முழுக்கச் சாலை மாதிரி விரிந்து தெரிந்தால் உயரம். ஐந்து முறை செய்தால் ஐந்து முறையும் ஒரே மாதிரி வரவேண்டும். ஒரு முறை சரியாக வந்தது கணக்கில் சேராது.

இனி 12ஆ 20ஆ. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையாக்கினால், ஒரு உருண்டை சரியாக நுழையும் குழல் 12 கேஜ். இருபதாக்கினால் உருண்டை சிறுக்கும், குழலும் ஒடுங்கும். அதனால்தான் எண் பெரிதாக ஆகக் குழல் சிறிதாகிறது. கடைக்காரர் சொன்ன "லேசான 20" கையில் எடுத்ததும் சுகமாகத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. என் முதல் ஓவர்-அண்டர் 6 பவுண்டுக்கும் குறைவான, 26 அங்குலக் குழல் 20 கேஜ். கட்டை டிகாக்ஷன் நிறத்தில், பக்கவாட்டில் கவுதாரி ஒன்று செதுக்கியிருந்தது. கடையில் இறகு மாதிரி எழும்பியது. மைதானத்தில் பார்த்தால், தட்டைத் துரத்திக்கொண்டு போகும்போது நான் விசையை அழுத்தும் கணத்தில் குழல் நின்றுவிடும், தட்டு அதுபாட்டுக்குப் போகும். லேசான குழல் சட்டென்று கிளம்பும், அதே மாதிரி சட்டென்று நிற்கும். கனமான குழலுக்கு ஓட்டம் இருக்கும், கை தயங்கினாலும் அது போய்க்கொண்டே இருக்கும். அந்தப் பருவம் முழுக்க என் பின்னால் நின்றவர்கள் "பின்னால, பின்னால" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு வருடத்தில் நஷ்டத்துக்கு விற்றேன். அந்தக் கவுதாரியைத்தான் நான் வாங்கினேன் என்று இப்போது தோன்றுகிறது.

உதையைப் பற்றியும் கடைக்காரர் உங்களுக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறார். ஒரே அளவு ரவையை லேசான துப்பாக்கியில் சுட்டால் உதை அதிகம், கனமானதில் சுட்டால் குறைவு. ஏழரைப் பவுண்டு 12 கேஜில் 1 அவுன்ஸோ ⅞ அவுன்ஸோ உள்ள தட்டுத் தோட்டாவைப் போட்டுச் சுடுங்கள், உங்கள் மேல்கை புகார் சொல்லாது. ஒலிம்பிக்கிலேயே 24 கிராம்தான், ⅞ அவுன்ஸுக்கும் கொஞ்சம் குறைவு. ஃபெசன்ட் சேவலுக்கு மட்டும் 1¼ அவுன்ஸ், 5 அல்லது 6ஆம் எண் ரவைக்கு மாறிக்கொள்ளலாம். ஒரு நாளில் ஐந்தாறு தோட்டாதானே சுடப்போகிறீர்கள். 12 கேஜ் தோட்டா எல்லாக் கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு. ஆகவே நண்பர் சொன்னதுதான் சரி, அவர் சொன்ன காரணம் எதுவாக இருந்தாலும்.

எடை விஷயத்தில் ஒரு சமரசம் உண்டு. தட்டுக்கென்றே செய்த துப்பாக்கி 8 பவுண்டு இருக்கும். நாள் முழுக்கப் புல்லில் நடக்கும் வேட்டைக்காரருக்கு 6½ பவுண்டு சுகம். நேர்மையாக உங்களையே கேளுங்கள், வருடத்தில் எத்தனை நாள் கிளப், எத்தனை நாள் டகோட்டா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் நாற்பதுக்கு மூன்று என்ற விகிதம் வரும். அப்படியானால் தட்டுப் பக்கம் சாயுங்கள். 7¼ பவுண்டுக்கு மேல், 28 அல்லது 30 அங்குலக் குழல். மூன்று நாள் நடையில் தோள் கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான். ட்ராப்புக்கென்றே வரும், கட்டையின் மேல்விளிம்பு உயர்ந்த, 32, 34 அங்குலக் குழல் ரகம் மட்டும் வேண்டாம். எழும்பும் தட்டுக்காக அது வேண்டுமென்றே உயரமாகச் சுடும், மற்ற எல்லாவற்றுக்கும் உங்களைக் குழப்பும்.

எந்தக் கம்பெனி? உங்கள் பணத்துக்கு என் பதில், நல்ல நிலையில் உள்ள பழைய பிரவுனிங் சிட்டோரி அல்லது பழைய பெரெட்டா 686. சிட்டோரி 1973இல் வந்தது. ஜப்பானின் கொச்சி மாகாணத்தில் மிரோக்கு தொழிற்சாலையில் செய்கிறார்கள் (நம் பக்கத்துக் கொச்சி இல்லை, அங்கேயும் ஒரு கொச்சி இருக்கிறது). அதன் மூத்த அண்ணன் ஜான் பிரவுனிங் கடைசியாக வடிவமைத்த சூப்பர்போஸ்ட். அவர் 1926இல் இறந்தபோது அது முழுமையாகவில்லை, மகன் வால்தான் முடித்து வைத்தார். பெரெட்டா 1526இலிருந்து வடஇத்தாலியின் கார்டோனே ஊரில் குழல் செய்யும் குடும்பம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், மூடிய குழலை உடலோடு பிடித்து நிறுத்தும் பூட்டில் இருக்கிறது. சிட்டோரியில் கீழ்க்குழலுக்கும் அடியில் பூட்டு, முழு அகலத்துக்கும் ஒரு கீல் ஆணி. அதனால் உடல் ஆழமாக, கொஞ்சம் கனமாக இருக்கும். பெரெட்டாவில் பூட்டு முனைகள் இரண்டு குழலுக்கும் நடுவில் பக்கவாட்டில் வந்து பிடிக்கும். அதனால் உடல் ஒல்லி, குழல் கைக்குப் பக்கத்தில் உட்காரும். இரண்டும் உங்கள் ஆயுளுக்கு உழைக்கும். எது மேல் என்ற வாதத்தில் நான் கலந்துகொள்வதில்லை, உங்கள் கன்னம் முடிவு செய்யட்டும்.

1,000 டாலருக்கும் கீழே துருக்கியில் செய்தவை நிறைய வருகின்றன. கொன்யா மாகாணத்தின் ஹூக்லு என்ற சிற்றூர் இந்தத் தொழிலுக்கே பேர்போனது, அங்கிருந்து வரும் சில நன்றாகவே இருக்கின்றன. வருடத்துக்கு இரண்டு பெட்டி தோட்டா சுடும் வேட்டைக்காரருக்கு அது போதும். வாரம் 100 தட்டு சுடுவது வேறு கதை. அப்படிச் சுட்டு, பூட்டு தளர்ந்து பழுதுபார்க்க என் மேசைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை மிக மலிவான ரகம்தான்.

பழையதை வாங்கும்போது முதலில் துப்பாக்கியைத் திறக்கும் மேல்நெம்பைப் பாருங்கள். துப்பாக்கியை மூடியதும் அது நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் வலப்பக்கம் நின்றால் பூட்டில் இன்னும் உயிர் இருக்கிறது. தேயத் தேய அது நடுவுக்கு வந்து, பிறகு இடப்பக்கம் தாண்டும். இடப்பக்கம் நிற்பதை விலை குறைகிறது என்று வாங்காதீர்கள். அடுத்து, குழலுக்குக் கீழே கைபிடிக்கும் முன்கட்டையைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியை மூடி, கட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு குழலைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். முன்கட்டை மாட்டியிருந்தால் ஆட்டம் தெரியாது, அதனால்தான் கழற்றச் சொல்கிறேன். பிறகு குழலை மட்டும் தனியே எடுத்து வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பாருங்கள். எங்கேயாவது வளையல் மாதிரி ஒரு நிழல் தெரிந்தால் அங்கே உப்பியிருக்கிறது, கீழே வைத்துவிடுங்கள். குழலைக் கொக்கியிலிருந்து தொங்கவிட்டு விரல் மூட்டால் தட்டினால் மணி மாதிரி ஒலிக்க வேண்டும், டொக்கென்று கேட்டால் பட்டையின் பற்றவைப்பு எங்கோ விட்டிருக்கிறது. விசைக்குப் பின்னால் கட்டையும் இரும்பும் சேரும் இடத்தில் முடி போல விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். திருகாணிகளின் தலை கடித்துக் குதறியிருந்தால், தெரியாத கை ஒன்று உள்ளே போய் வந்திருக்கிறது.

சோக் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதில் புதியவர்கள் வீணாக மூளையைக் கசக்குவார்கள். குழல் முனையின் இறுக்கம்தான் சோக். 40 கெஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் எத்தனை சதவீத ரவை விழுகிறது என்பது கணக்கு. இம்ப்ரூவ்டு சிலிண்டர் 50, மாடிஃபைடு 60, ஃபுல் 70. கீழ்க்குழலில் முதலாவதையும் மேல்குழலில் இரண்டாவதையும் திருகிவிட்டு ஒரு வருடம் மறந்துவிடுங்கள். முதலில் கீழ்க்குழல்தான். அது தோளின் நேர்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் முனை குறைவாகத் துள்ளும், இரண்டாவது குண்டுக்குச் சீக்கிரம் தயாராகலாம். காலடியில் எழும்பும் சேவலுக்கு விரியும் ரவை, தப்பித்துப் போகும்போது குவியும் ரவை. வேட்டையில் ஓவர்-அண்டரின் அழகே அதுதான். பின்னாளில் மத்திய அரசின் நீர்ப்பறவை நிலங்களில் வேட்டையாடினால் ஈயம் செல்லாது, எஃகு போன்ற நச்சில்லாத ரவை வேண்டும். மாற்றும் சோக் உள்ள இந்தக் காலத்துத் துப்பாக்கிக்கு மாடிஃபைடு வரை பிரச்சினையில்லை. மாற்ற முடியாத சோக் உள்ள பழைய பெல்ஜியம் துப்பாக்கியில் எஃகைப் போடாதீர்கள்.

நாளைக்கே உங்கள் மனைவிக்கோ பிள்ளைக்கோ 20 கேஜ் ஒன்று வீட்டுக்கு வரலாம், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். 20 கேஜ் தோட்டா மஞ்சள் நிறத்தில் வருவதற்குக் காரணம் உண்டு. அது 12 கேஜ் அறையில் விழுந்தால் வழுக்கிக்கொண்டு குழலுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். பின்னாலிருந்து பார்த்தால் அறை காலியாகத் தெரியும். "போடவில்லை போலிருக்கிறது" என்று ஒரு 12ஐப் போட்டுச் சுட்டால் குழல் இடக்கைக்கு மேலேயே வெடிக்கும். ஒருநாள் என் வெஸ்ட் பையில், சிவப்புத் தோட்டாக்களுக்கு நடுவே ஒரே ஒரு மஞ்சள் கிடந்தது, முந்தின வாரம் மகளுக்குக் கற்றுக்கொடுத்தபோது விழுந்தது. அன்றைக்கு மேற்கொண்டு சுடவில்லை. இப்போது எங்கள் வீட்டில் இரண்டு கேஜுக்கும் தனித்தனி வெஸ்ட்.

2,000 டாலரையும் துப்பாக்கியிலேயே கொட்டிவிடாதீர்கள். பூட்டும் பெட்டிக்கும், காது, கண் பாதுகாப்புக்கும் கொஞ்சம் வையுங்கள். கட்டையை அரை அங்குலம் அறுத்து ரப்பர் அடியைத் திரும்பப் பொருத்தவும், தேவைப்பட்டால் சூடாக்கி வளைக்கவும் ஓரிரு நூறு டாலர் வையுங்கள். மிச்சத்துக்குப் பயிற்சியாளர்.

அப்பாவிடம், புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகச் சுட்டது இதே ட்ராப் பிரிவில்தான் என்று சொல்லிப் பாருங்கள். வேட்டைப் பகுதியை விட்டுவிடலாம், ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அது கதைகளில்தான் இருக்கிறது. திரும்பி வரும்போது துப்பாக்கியையும் கொண்டுவரும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

வாங்கிய பிறகு முதல் வேலை தட்டு சுடுவது அல்ல. 16 கெஜத்தில் பெரிய தாள் ஒன்றைத் தொங்கவிட்டு நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். இருப்பதிலேயே இறுக்கமான சோக்கைப் போட்டு, குறி பார்க்காமல், புள்ளியை மட்டும் பார்த்துத் தூக்கியதும் சுடுங்கள். அதே தாளில் ஆறு முறை. ரவை குவிந்த இடம் புள்ளியிலிருந்து எத்தனை அங்குலம் விலகியிருக்கிறதோ, ஒவ்வோர் அங்குலத்துக்கும் கட்டையில் கன்னம் படியும் இடத்தில் பதினாறில் ஒரு அங்குலம் திருத்த வேண்டும். இரண்டு அங்குலம் இடப்பக்கம் போனால் எட்டில் ஒரு அங்குலம் செதுக்கினால் போதும். கட்டையில் கை வைப்பவர் அந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார். மேல் எது, கீழ் எது என்று குறித்து, அன்று என்ன சட்டை போட்டிருந்தீர்கள் என்பதையும் ஓரத்தில் எழுதி எடுத்துப் போங்கள். எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள்.